கோட்டைத் தாண்டாத குழந்தை

யானை முகமூடியைக் கதவோடு தூக்கிக்கொண்டு நாலு தெரு நடந்த ஆட்களை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நேர்ப்பட்டியில் பார்க்கலாம். தில்லுமுல்லு தெரியாத ஊர். சொன்னால் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் ஆண்டியப்பனுக்குப் பவளம் என்று நாலு வயதில் ஒரு மகள். வெள்ளிக்கிழமை பால்வாடியில் அவளுக்கு ஒரு படப்புத்தகம் கொடுத்துவிட்டார்கள். வண்ணம் தீட்ட ஒரு பக்கம், வித்தியாசம் பார்க்க ஒரு பக்கம், கடைசியில் காது விரித்த யானை முகம் ஒன்று. திங்கட்கிழமை யானை முகத்தோடு வருகிற பிள்ளைகளுக்கு ஆண்டு விழாவில் யானை ஆட்டம். முகம் இல்லாத பிள்ளைகள் மரமாக நிற்க வேண்டும்.

"நான் மரமா நிக்க மாட்டேன்ப்பா," என்று பவளம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அவள் அம்மா செவ்வந்தி, தங்கச்சி வளைகாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று புருஷனிடம் சொன்னாள்: "இந்தாங்க, புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதை அப்படியே செய்யுங்க. சொந்தமா மட்டும் எதையும் யோசிச்சிராதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஆண்டியப்பன் யோசிக்கவே இல்லை. செவ்வந்தியின் தம்பி மாடக்கண்ணுவை வரச் சொன்னான். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் அவன்தான் கெட்டி. அவன் முதல் பக்கத்தை விரித்தான்.

"'இதைக் குழந்தை தன் கையாலேயே செய்ய வேண்டும்.'"

ஆண்டியப்பனுக்குப் பகீரென்றது. "குழந்தையா? அவர் சந்தைக்குக் கிளம்பியிருப்பாரே மாப்ள!"

குழந்தை என்றால் குழந்தைவேலு. மேலத்தெருவில் கோழி வளர்க்கிறவர். வயது நாற்பத்தாறு, மீசை காது வரைக்கும். ஊரே அவரைக் குழந்தை என்றுதான் கூப்பிடும்.

"நான் செய்றேம்ப்பா," என்று பவளம் கையை நீட்டினாள்.

"உன் பேரு போடலையே தாயி. அச்சடிச்சதை மாத்தினா அம்மா வையும்."

பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்ட குழந்தையை, மற்றக் காலைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தார்கள். அவருக்கு ஒரே பூரிப்பு. "என் பேரைப் புத்தகத்துலயே போட்டுட்டாங்களா?" என்று அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். மீசையைச் சீவிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த பக்கத்தில் ஒரு பசு. கீழே இருந்ததை மாடக்கண்ணு வாசித்தான்: "'கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டவும்.'"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோட்டை எங்கிட்டு இருக்கு?"

"கிழக்க. ரெண்டு பஸ் மாறணும்."

"தீட்டுற சுவாரசியத்துல நான் பாட்டுக்குத் தாண்டிட்டேன்னா?" என்றார் குழந்தை.

நியாயமான கவலைதான். பவளம் பசுவைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டினாள். "இந்தக் கோடுப்பா!"

"கோடு வேற, கோட்டை வேற தாயி. அதெல்லாம் நீ பெரிய கிளாஸ் போனாத் தெரியும்."

மாட்டுக் கயிற்றைக் குழந்தையின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டினார்கள். அப்புறம் அவர் பயமே இல்லாமல் தீட்டினார். பச்சை வண்ணம் பசுவைத் தாண்டி, புத்தகத்தைத் தாண்டி, பாயைத் தாண்டி, மாடக்கண்ணுவின் முழங்காலில் போய் நின்றது.

"கோட்டைத் தாண்டலையே?"

"இல்லண்ணே. கயிறு இன்னும் ரெண்டு முழம் மிச்சம் இருக்கு."

மறுபக்கத்தில் இரண்டு முயல். "'ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கவும்.'"

உடனே ஆற்றுக்குக் கிளம்பினார்கள். குழந்தை முன்னால் நடக்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடக்கண்ணு பின்னால் போனான்.

"போன வருஷம் தண்ணி ஓடுச்சு. இப்ப ஆடு ஓடுது," என்றான் ஆண்டியப்பன். "ஒரு வித்தியாசம் ஆச்சு."

"வித்தியாசங்கள்னுல்ல போட்டிருக்கு மச்சான்? இன்னொண்ணாவது வேணும்."

ஆறு இன்னொரு தடவை மாறட்டும் என்று பொழுது சாயும் வரை கரையில் காத்திருந்தார்கள். அது மாறுகிற மாதிரி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யானைக்கு வந்தார்கள். பவளம் அப்பன் மடியில் ஏறிக்கொண்டாள்.

"'யானை முகத்தை வெட்டி ஒட்டவும்,'" என்று வாசித்த மாடக்கண்ணு, நிமிர்ந்து பார்த்தான். "நம்மள்ல வெட்டி யாரு?"



"எனக்குக் கோழி இருக்கு," என்றார் குழந்தை.

"கோழி தானாத்தானே மேயுது அண்ணே?"

"மேயுறதைப் பாக்கணும்ல?"

"நான் காட்டு வேலைக்குப் போறேன்," என்றான் ஆண்டியப்பன். "மாப்ள, நீ போன மாசம் என்ன செஞ்சே?"

மாடக்கண்ணு விரலை விட்டு எண்ணிப் பார்த்தான். எல்லா விரலும் அப்படியே இருந்தன. "சரி, நான்தான் வெட்டி," என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டான்.

ஆனால் குழந்தை கையால் அல்லவா செய்ய வேண்டும்? அதற்கும் வழி பிறந்தது. காய்ச்சிய மைதாப் பசையில் குழந்தையின் கையை முக்கி, அந்தக் கையைப் பிடித்து மாடக்கண்ணு ஒட்டினான். ஆள் வெட்டி, கை குழந்தையுடையது. எங்கே ஒட்டுவது என்று புத்தகத்தில் போடவில்லை. அதனால் யானைப் பக்கத்தைக் கிழித்து, நாலு பேர் பார்க்கிற மாதிரி வாசற்கதவில் ஒட்டினார்கள்.

"என் யானை!" என்று பவளம் அலறினாள்.

உரித்துப் பார்த்தார்கள். துதிக்கை நுனி மட்டும் கையோடு வந்தது. பிள்ளை தேம்பித் தேம்பி அழவும் ஆண்டியப்பன் எழுந்துவிட்டான். "அழாத தாயி. உன்னை மரமா நிக்க விட்டுருவேனா?" என்று கடப்பாரையை எடுத்துக் கதவைக் கழற்றத் தொடங்கினான். பவளம் அழுகையை நிறுத்திவிட்டு, சோப்பு வந்த அட்டைப்பெட்டியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை மூவரும் கதவைச் சுமந்துகொண்டு பால்வாடிக்குப் போனார்கள். கதவு உள்ளே நுழையவில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு கதவு இருந்தது.

சத்தம் கேட்டு டீச்சர் கனகமணி வெளியே வந்தார். கதவைப் பார்த்தார். கயிறு கட்டிய குழந்தைவேலுவைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால், சோப்பு வாசத்தோடு ஒரு யானை நின்றது. ஒரு காது முறம் மாதிரி, ஒரு காது வெற்றிலை மாதிரி.

"இது யாரு வெட்டினது?"

"நானே டீச்சர்!" என்றது யானை.

"அடி என் ராசாத்தி! நீதான் முன்வரிசையில ஆடுறே."

ஆண்டியப்பனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. டீச்சர் படப்புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பச்சைப் பசுவில் நின்றுவிட்டார். "இதை யாரு தீட்டினது? கோட்டைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கு. குழந்தைக்கு இன்னும் கை பழகணும்."

குழந்தைவேலுவின் மீசை தொங்கிவிட்டது. ஆண்டியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. கதவை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கூப்பினான்.

"டீச்சர், எங்க குழந்தைக்கு வர்ற ஆனிக்கு நாப்பத்தேழு பிறக்குது. கை பழகலைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இன்னும் ஒரு வருசம் இவரை இங்கேயே உக்கார வச்சுக்கிடுங்க. கோட்டைத் தாண்டிருவாரோன்னு பயப்பட வேண்டாம், கயிறு நாங்களே தந்துர்றோம்."