ஆறு செத்த தடத்தில் வெள்ளரிக்கொடி

"குருவம்மா, இந்த அநியாயத்தைக் கேட்பாரே இல்லையா?"

கையில் கம்போடு கோயிலுக்குள் நுழைந்தான் ஹோரி. தலை நரைத்த சீடன். கோபம் மட்டும் இன்னும் நரைக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றாள் பூசாரி மெரித். அவள்தான் அவனுக்குக் குரு.

எகிப்தில், நைல் நதி கிளை கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகும் சீமை அது. கோயிலை ஒட்டி ஓடிய கிளை வண்டல் மேடிட்டுச் செத்துப்போனது. தண்ணீர் போன பக்கமே சனமும் போய்விட்டது. மிஞ்சியது இவர்கள் இருவரும், ஹெனுத் என்ற விதவையும் அவள் பிள்ளைகளும்தான்.

"அந்த ஹெனுத் ஆத்துக்குள்ள குடிசை கட்டி, வெள்ளரி போட்டிருக்கா! சாமி படகுல பவனி வந்த ஆறும்மா அது. அங்க சாணியைக் கொட்டுறா!"

"காய்ச்சிருக்கா?"

"காய்ச்சா என்ன, காய்க்காட்டி என்ன? சாமி சொத்து குலநாசம்னு தெரிய வேண்டாமா? 'ஆறு திரும்பி வரட்டும், எந்திரிச்சுப் போறேன்'னு என்கிட்டயே சொல்றா. என்ன வாய்க்கொழுப்பு! நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கொடியைப் பிடுங்கி எறிஞ்சு, அவளையும் பிள்ளைகளையும் இன்னைக்கே விரட்டிடுறேன்."

அந்தக் கொடியில் காய்ப்பதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. அது ஹோரிக்கும் தெரியும்.

"சரி," என்றாள் மெரித். "அதுக்கு முன்னால ஒரு வேலை. வாசற்கல் சாய்ஞ்சு கிடக்கு. பெயர்த்து, அடியில நல்லாத் தோண்டி, நிமிர்த்தி வச்சிட்டுப் போ."

இந்த நேரத்திலா இது! ஹோரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினான். முதலில் மணல் வந்தது. அப்புறம் சிப்பி, அள்ள அள்ளச் சிப்பி. வலையின் அடியில் கட்டும் கல்குண்டுகள். அதற்கும் கீழே, கயிறு தேய்த்த துளையோடு ஒரு நங்கூரக் கல்.

அதைத் தூக்கி வந்து குருவின் முன் தொப்பென்று போட்டான்.

"பாத்தீங்களா கொடுமையை! எந்தப் பாவி சாமி வாசலுக்கு அடியில படகுக் கல்லைக் கொண்டாந்து போட்டான்? மீன்காரன் குப்பை பூரா அங்கதான் கிடக்கு!"

"யாரும் கொண்டாந்து போடலை. ஒரு காலத்துல படகு நின்ன இடம் அது."

"கோயிலுக்குள்ள எப்படிம்மா படகு..."

ஆற்று மணல் ஒட்டிய தன் கைகளையே பார்த்தான்.

மெரித் எழுந்து போய்க் கம்பை எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள்.

"ம், கிளம்பு. ஆத்துக்குள்ள குடியிருக்கிறவங்களை விரட்டணும்னியே. யார்கிட்டேருந்து ஆரம்பிக்கலாம்?"