ஸ்படிகபுரிச் சிங்கத்தின் கிண்ணம்

வெகுகாலத்துக்கு முன்னே, கடல்களுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத நாளில், ஒரு தீவிலே வடிவு என்றொரு படகுக்காரி இருந்தாள். அவள் மகள் பவளம் ஒருநாள் தூங்கப் போனவள் கண்ணே திறக்கவில்லை.

"அக்கரையில் ஸ்படிகபுரி இருக்கிறது. அங்கிருந்து பனிப்பூத் தேன், பேசும் மயிலின் இறகு, நிலாக் கிணற்றுத் தண்ணீர், இந்த மூன்றும் நாளை விடிவதற்குள் வேண்டும். தவறினால் பிள்ளை எழுந்திருக்க மாட்டாள்" என்றார் வைத்தியர்.

வடிவு வழிச்சாப்பாட்டுக்குக் கெட்டியான ஒரு பொரிவிளங்காய் உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு துடுப்பைப் பிடித்தாள்.

ஸ்படிகபுரி வாசலில் ஒரு கல் சிங்கம். அதன் காலடியில் வெள்ளிக் கிண்ணம்.

"இதை நீட்டிக் கேள். ஊர் எது வேண்டுமானாலும் தரும். பொழுது சாய்வதற்குள், நான் எதிர்பார்க்கிறபடி திருப்பிக் கொடு. கதவு திறக்கும். இல்லாவிட்டால் நீயும் இந்த ஊர்க்காரிதான்" என்றது சிங்கம்.

"எப்படிங்க எதிர்பார்க்கறீங்க?"

"அதைச் சொல்லக் கூடாதென்பதுதான் என் சாபம்."

உள்ளே போனாள். கண்ணாடித் தெருவுக்கு அடியில் தங்கமீன்கள் ஓடின. அடேயப்பா, இப்படியும் ஒரு ஊரா! கிண்ணத்தை நீட்டினாள், பனிப்பூ தேன் சொரிந்தது. ஒரு பாலம் யானை மாதிரி மண்டியிட்டு அவளை ஏற்றிக்கொண்டது. அடேயப்பா, இப்படியும் ஒரு ஊரா! மயில் நலம் விசாரித்துவிட்டு இறகு போட்டது. வீடுகளெல்லாம் வெயில் உறைக்காமல் முகம் திருப்பிக்கொண்டன. அடேயப்பா, இப்படியும் ஒரு ஊரா! 'பவளம் பார்த்தா குதிப்பாளே' என்று நினைத்ததும் நடையை எட்டிப் போட்டாள்.

நிலாக் கிணற்றுக்கு வழி தெரியாமல் விழித்தபோது ஒரு பூக்காரி கைகாட்டினாள். "நானும் ஊர் சுத்திப் பார்க்க வந்தவதான் தாயி. கிண்ணத்தைப் புளி போட்டுப் பளபளன்னு தேய்ச்சுக் கொடுத்தேன். கதவு திறக்கல. எல்லாருக்கும் அதே கதைதான்."

பொழுது சாய, தேனையும் கிணற்றுத் தண்ணீரையும் தனித்தனிக் குடுவையில் ஊற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள் வடிவு. கிண்ணத்தைக் கழுவி நீட்டப் போனவளுக்குக் கை கூசியது. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. முந்தானையை அவிழ்த்து, சாப்பிடாமல் வைத்திருந்த உருண்டையைப் போட்டாள்.

"ஐயோ, அழுக்காக்கிட்டியே!" என்று அலறினாள் பின்னால் வந்த பூக்காரி.

சிங்கத்தின் கண்ணில் நீர் முட்டியது. "எத்தனையோ பேர் வாங்கினார்கள். எனக்குப் பசிக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே!"

கல் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஓர் இளவரசன்! உருண்டையைக் கடித்தவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "கல்லாய் இருந்தவனுக்கே பல் வலிக்கிறதே அம்மா!"

கதவு திறந்தது. அடைபட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். இளவரசன் கிண்ணம் நிறைய அத்திப்பழம் போட்டு வடிவிடம் கொடுத்தான். விடிவதற்குள் மருந்து உள்ளே போயிற்று.

"எங்கேம்மா போயிருந்தே?" என்றாள் பவளம், கண்ணைக் கசக்கிக்கொண்டே. வடிவு ஓவென்று அழுதுவிட்டாள்.

பழம் தீர்ந்ததும், கிண்ணம் நிறைய வறுத்த நெத்திலியோடு தாயும் மகளும் படகேறினார்கள். அது திராட்சையோடு திரும்பி வந்தது. மறுபடி முறுக்கோடு போயிற்று. இரண்டு கரையிலும் அதை வெறுமனே கொடுக்க யாருக்கும் மனசில்லை.

முதல் தடவை அந்த வாசலில் கால் வைத்த பவளம், அம்மாவின் கையை உதறிவிட்டுக் குதித்தாள்:

"அடேயப்பா, இப்படியும் ஒரு ஊரா!"