பெயரும் பட்டமும்

நூற்பாலையில் தீப்பிடித்து மூன்று பெண்கள் கருகிச் செத்தார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது என்பது ஆலை முழுக்கத் தெரியும். ஆனால் முதலாளி மருதாசலம், “அதுங்க கவனக்குறைவு” என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

விசாரணை அதிகாரி வரும் இரங்கல் கூட்டத்தில் தொழிலாளி ஒருத்தியும் மேடையேற வேண்டும். மேடைப்பேச்சு பழகிக்கொண்டிருந்த ரூபாவதியை முதலாளி கூப்பிட்டார்.

“பேச்செல்லாம் நான் பேசிக்கிறேன். நீ ‘அவர்களே, அவர்களே’ன்னு எல்லாரையும் விளிச்சுட்டு இறங்கிடு. மேல ஒரு வார்த்தை போச்சு, உனக்கு வேலை இல்ல.”

“சரிங்கய்யா. பட்டமெல்லாம் சேத்துச் சொல்லட்டுங்களா?”

“பின்ன? யாருக்கும் குறை வெக்காத.”

கூட்டத்தன்று ரூபாவதி மைக் முன்னால் நின்றாள்.

“பெண்கள் வெளியே போகாதபடி கதவைப் பூட்டச் சொன்ன ஆலை அதிபர், உயர்திரு மருதாசலம் அவர்களே!”

பெயர் காதில் விழுந்ததும் பழக்கதோஷத்தில் முதலாளி எழுந்து, சிரித்துக் கும்பிட்டார். கூட்டம் பார்த்தது. கும்பிட்ட கை அப்படியே நின்றுபோனது.

“பூட்டிய சாவியோடு சாப்பிடப் போன சூப்பர்வைசர் தனபால் அவர்களே! உள்ளேயிருந்து கதவைத் தட்டி ஓய்ந்த குருவம்மாள் அவர்களே! ஜெனிபா அவர்களே! அஞ்சுகம் அவர்களே!”

கீழே, தரையில் உட்கார்ந்திருந்த மூன்று தாய்மார்கள் ஒவ்வொருவராக எழுந்து கைகூப்பினார்கள்.

“என்னடி பேசுற?” என்று முதலாளி சீறினார்.

“நான் இன்னும் பேசவே இல்லைங்கய்யா. விளிச்சேன், அவ்வளவுதான்.”

அதிகாரி மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

“நீ பேசும்மா.”