உப்புப் பாயசம் சொன்ன பாடம்

அந்தக் காலத்தில் பூவாற்றூர்ச் சீமையை மருதப்பர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனசில் ஒன்று தோன்றிவிட்டால் அந்த நிமிஷமே நடந்தாக வேண்டும். ஒருநாள் இங்கிலீஷ் படிக்கத் தோன்றியது. ஆற்றங்கரையில் குடியிருந்த ஹெலன் என்ற வெள்ளைக்காரத் துரைசாணியைக் கூப்பிட்டுப் பாடம் ஆரம்பித்துவிட்டார்.

இதில் வயிறெரிந்தது துபாஷி குப்புரங்கத்துக்கு. வெள்ளைக்காரர் பேச்சை ராஜாவுக்குத் தமிழில் சொல்வதுதான் அவன் உத்தியோகம். ராஜாவே படித்துவிட்டால் இவனுக்கு அங்கே என்ன வேலை?

ஒருநாள் பாடத்தில் துரைசாணி, "அலோன் வேறே, லோன்லி வேறே, ராஜா" என்றாள்.

துபாஷி துள்ளிக் குதித்தான். "பொய், மகாராஜா! ரெண்டும் தனியா இருக்கிறதுதான். பாடத்தை இழுத்தடிக்க இந்தம்மா ஒண்ணை ரெண்டாக்குறாங்க!"

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன வித்தியாசம்? சொல்லும்மா!"

அவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் அது அகப்படவில்லை. கண்தான் கலங்கியது.

"நாளைப் பொழுது சாயறதுக்குள்ளே எனக்குப் புரியணும். இல்லேன்னா கப்பலேறு!"

பாவம், எங்கே போவாள்? அவள் ஊரில் காத்திருக்க ஒரு ஜீவன் கிடையாது. புருஷனைப் புதைத்த மண்ணும் இங்கேதான் இருக்கிறது.

மந்திரி ஆவுடையப்பருக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் விசாரித்தார். அவள் பாதி பேச்சும் பாதி ஜாடையுமாகச் சொல்லச் சொல்ல, மனுஷருக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ராஜாவைத் தாமரைக் குளத்துக்கு அழைத்துப்போய், படகில் தன்னந்தனியாக உட்காரவைத்துத் தள்ளிவிட்டார். ராஜா வாய்க்கு வந்ததையெல்லாம் பாடிக்கொண்டு சுற்றினார். "அடடா, என்ன சுகம்யா! ஒரு பய தொந்தரவில்லே!" என்று கரையேறினார்.

மத்தியானம் சாப்பாடு. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா சாப்பிடும்போது நாற்பது பேர் சுற்றி நிற்பார்கள். ஆனால் யாரும் பேசக்கூடாது, அவர் முகத்தையும் பார்க்கக்கூடாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

மந்திரி சொல்லிவைத்தபடி சமையல்காரர் பாயசத்தில் வெல்லத்துக்குப் பதிலாக உப்பைக் கொட்டியிருந்தார். ராஜா ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. "ஐயையோ, இந்தக் கூத்தைப் பாருங்களேன்" என்று சொல்ல இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். நாற்பது தலையும் குனிந்தே இருந்தன. வந்த சிரிப்பு அப்படியே அடங்கிப்போய் நெஞ்சை என்னமோ செய்தது.

வாசலில் நின்ற மந்திரி கேட்டார்: "காலையிலே பக்கத்துலே யாருமே இல்லை. ஏதாவது குறை இருந்ததா, மகாராஜா?"

"இல்லையே."

"இப்போ நாற்பது பேர் இருக்காங்களே?"

ராஜா குனிந்த தலைகளை இன்னொரு தரம் பார்த்தார். "ஒருத்தருமே இல்லாத மாதிரி இருக்குய்யா."

"காலையிலே இருந்தது அலோன். இது லோன்லி. அந்தம்மா தினமும் இப்படித்தான் சாப்பிடறாங்க. அதான் நேத்துச் சொல்ல வாய் வரலே."

அந்த நாற்பது பேரில் ஒருவனாக நின்ற துபாஷியை ராஜா பார்த்தார். "உனக்கு இது தெரியாதா?"

"தெரியும், மகாராஜா. என் பிழைப்பு போயிடுமேன்னு பயந்துட்டேன்."

"அப்படியா? மிச்சப் பாயசம் உனக்குத்தான். குடி!"

அவன் குடித்துவிட்டு முழித்த முழியில் ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். வழக்கமாவது ஒன்றாவது! நாற்பது பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

துரைசாணியை வரவழைத்தார்கள். ராஜா எழுந்துபோய்த் தன் கையாலேயே எதிரில் ஓர் இலை போட்டார். "தெரியாமக் கோபப்பட்டுட்டேம்மா, மனசுலே வச்சுக்காதே. இனிமே தினமும் இங்கேதான் சாப்பாடு. இப்போ சொல்லு, நீ அலோனா, லோன்லியா?"

அவள் சோற்றில் கை வைத்தபடி அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

"ரெண்டும் இல்லே, ராஜா."