பாதிக் காற்று

"டீச்சர், இந்த உடம்பு சைக்கிளுக்கு ஆகாது" என்றார் செண்பகராமன்.

சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை.

ஜெபராணி டீச்சர் சனிக்கிழமை காலைகளில் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் வயதுவந்த பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். செண்பகராமனைவிடப் பத்து வயதாவது இளையவர். குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இவருக்குத் தாடி இல்லை. நல்ல பருமன் உண்டு. அந்தப் பருமனோடு அவர் சைக்கிளில் வளைந்து போவதைப் பார்த்தால் நமக்கும் ஓட்ட வேண்டும் போலிருக்கும்.

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன ஆச்சு?"

அவர் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

"காலேஜ் படிக்கும்போது மணிமுத்தாறு அணை வரைக்கும் ஓட்டுனவன் நான். மறுபடி ஆரம்பிக்கணும்னு ஆசைப்பட்டு வண்டி வாங்குனேன். தெருமுனை தாண்டுறதுக்குள்ள மூச்சு முட்டுது. முழங்கால் வலிக்கி. போன வருசம் ஒருதடவ ஆரம்பிச்சு, விட்டுட்டேன். பொங்கலுக்குப் பெறகு ஒருதடவ விட்டேன். இப்ப மொத்தமா விடப் போறேன்."

"மொத்தமான்னா?"

"சாயங்காலம் மச்சினன் வாரான். வண்டிய அவன் மகனுக்கு எடுத்துக்கிடச் சொல்லிட்டேன். இனிமே வாங்கவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன்."

சொல்லும்போது அவர் கை ஹேண்டில்பாரை விடவே இல்லை. கொடுக்க மனசு வராதவர் கை அப்படித்தான் இருக்கும்.

"பெறகு இங்க எதுக்கு வந்தீங்க?"

"என் வீட்டுக்காரிக்கு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. கடைசியா டீச்சர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்கன்னா."

டீச்சர் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். பழுத்த சப்போட்டா மாதிரி விரல் உள்ளே போனது.

"எவ்வளவு காத்து அடிக்கீங்க?"

"பாதிதான். என் பாரத்துக்கு முழுசா அடிச்சா வெடிச்சிராதா? வண்டி பாவம்லா."

டீச்சர் மரத்தடியில் கிடந்த பம்பை எடுத்து நீட்டினார்.

"அடிங்க."

செண்பகராமன் அடித்தார். தீபாவளிக்கு அணுகுண்டு பற்றவைப்பவர் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அடித்தார். நடுவில் நிறுத்தி டீச்சரைப் பார்த்தார்.

"ம்" என்றார் டீச்சர்.

மறுபடி அடித்தார். மறுபடி நிறுத்தினார்.

"ம்."

டயர் கல்லாகிவிட்டது. வெடிக்கவில்லை. முன் டயரும் அப்படியே ஆயிற்று. செண்பகராமன் நம்பாமல் இரண்டையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் காத்து இல்லாமலா மிதிச்சேன்?"

"பாதி இருந்துச்சே" என்றார் டீச்சர்.

அடுத்து அவர் கண் சீட்டின் மேல் போனது. அது ஒரு சின்னப் பிள்ளைக்கு வைத்த சீட் போல அடிமட்டத்தில் கிடந்தது.

"இத யாரு எறக்குனது?"

"நான்தான். உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில பாவணும். இல்லாட்டி தைரியம் வராது."

"முழங்கால் வலிக்காம என்ன செய்யும்? எதுக்கு பாவணும்?"

செண்பகராமன் குரலைத் தாழ்த்தினார். மைதானத்தில் பெண்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஒல்லியா இருக்கவன் விழுந்தா, விழுந்துட்டான்னு போயிருவாங்க டீச்சர். நான் விழுந்தா தெருவே கூடி நிக்கும். கல்யாண வீட்டுல பாக்குறவன்லாம் அதையே கேப்பான். விழுறதக் கூடத் தாங்கிக்கிடலாம். அத மட்டும் என்னால தாங்க முடியாது."

டீச்சர் ஸ்பேனரை எடுத்தார். சீட் மளமளவென்று ஏறி செண்பகராமன் இடுப்பளவுக்கு வந்து நின்றது.

"கால் தரைக்கு எட்டாதே டீச்சர்."

"ஓட்டும்போது தரையில உங்களுக்கு என்ன வேலை?"

பதில் தெரியாதவர்களுக்கு உள்ள ஒரே வழி ஏறிப் பார்ப்பதுதான்.

இடது காலைப் பெடலில் வைத்து, தள்ளி, வலது காலைத் தூக்கிப் போட்டார். அந்த வித்தை உடம்பில் அப்படியே இருந்தது. சைக்கிள் ஒருமுறை தள்ளாடியது. பிறகு நேரானது.

பிறகு ஓடியது.

முழங்கால் வலியைத் தேடினார், காணவில்லை. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மூச்சு வாங்கியது, ஆனால் முட்டவில்லை. இன்னொரு சுற்று. சட்டைக்குள் காற்றுப் புகுந்து முதுகில் உப்பியது. சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளைத் தாண்டும்போது தேவையே இல்லாமல் மணியடித்தார். அந்த அம்மாளும் திருப்பி அடித்தார். செண்பகராமனுக்கு வாய் முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒன்றை மறந்துபோனார். டீச்சருக்கு முன்னால் கெத்தாக வந்து பிரேக்கைப் பிடித்து, சீட்டை விட்டு இறங்காமல், பழைய ஞாபகத்தில் காலைத் தரைக்கு நீட்டினார்.

தரை அங்கே இல்லை.

தொம்மென்று ஒரு சத்தம். செம்மண் புழுதி எழுந்து அடங்கியது.

எல்லாச் சைக்கிளும் நின்றன. எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். அவர் என்னென்னவெல்லாம் நடக்கும் என்று பயந்தாரோ, அவ்வளவும் நடந்துவிட்டது.

"ஐயோ, தூக்குங்க" என்று ஓடிவந்த அம்மாளை டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

செண்பகராமன் மல்லாந்து கிடந்தார். முழங்கையைத் தடவிப் பார்த்தார். காலை அசைத்துப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வயிறு மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. டீச்சர் குனிந்து பார்த்தார், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பார்த்து நின்ற பெண்களுக்கும் தொற்றிக்கொண்டது. வெகுநேரம் மைதானமே சிரித்தது.

கிடந்தபடியே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"மாப்ளே, சாயங்காலம் வண்டி எடுக்க வராத. மருமகனுக்கு வேற பாத்துக்கிடுவோம்."

"ஏன் அத்தான், என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன்டே" என்றார் செண்பகராமன்.