பன்றியின் வலது காது

காட்டோரத்து இலுப்பை மரத்தில் வாலாயி என்ற குரங்கு இருந்தது. பூத் தின்னும்போது பாதியைக் கீழே சிந்தும். சிந்தியதும், "மொத்தையா, பூ விழுந்தது" என்று குரல் கொடுக்கும். மரத்தடியில் படுத்திருக்கும் மொத்தையன் என்ற பன்றி ஓடிவந்து தின்றுவிடும். பூ கிடந்து புளித்தால் போதை ஏறும் என்பதால் இந்த ஏற்பாடு. பன்றியின் வலது காது குரங்குக்கு, இடது காது ஆபத்துக்கு.

அதே மரத்தடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. ஒருநாள் தூரத்தில் புல் பற்றி எரிந்தது. "தீ! தீ!" என்று குருவி கத்தியது. நல்ல காரியம்தான். மாலையில் மழை பெய்து தீ அணைந்தது. குருவி மட்டும் அணையவில்லை.

"தீதான் போயிடுச்சே, அக்கா" என்றது பன்றி.

"மறுபடி வந்தா? என் முட்டைக்கு நீ பொறுப்பா?"

பன்றி பயந்துபோய் வலது காதையும் குருவிப் பக்கமே திருப்பிக்கொண்டது. மூன்று நாள் குருவி ஓயவில்லை. "பூ விழுந்தது" என்று வாலாயி தொண்டை வறளச் சொன்னது பன்றிக்குக் கேட்கவே இல்லை. பூ குவிந்து புளித்தது. வாசனை மேலே போனது. நான்காம் நாள் வாலாயி இறங்கிவந்து ஒரு வாய் தின்று பார்த்தது. அப்புறம் எத்தனை வாய் என்று அதற்கே தெரியாது.

மறுபடி மரமேறிய வாலாயி, ஒரு காய்ந்த கிளையின் நுனியில் தள்ளாடி நின்றது.

"இந்தக் காட்டுக்கு நான்தான் ராஜா. இப்பப் பறக்கப்போறேன்."

கிளைக்கு நேர் கீழே நான்கு முட்டைகள். குருவிக்கு வாயடைத்துப்போனது.

அந்த அமைதியில்தான் பன்றியின் வலது காது மேலே திரும்பியது. கிளை முறியும் சத்தம் கேட்டது. பன்றி ஒரே பாய்ச்சலில் வந்து, முட்டைகளுக்கு இருபுறமும் காலை ஊன்றி நின்றது. குரங்கு அதன் முதுகில் தொப்பென்று விழுந்தது. வயிற்றுக்கும் முட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடைதான்.

"ராஜா ஏறியாச்சு, வண்டியை எடு" என்றது வாலாயி.

குருவி, "மொத்தையா, முதல்ல அந்தப் பூவைத் தின்னுடா" என்றது.

பன்றி முகர்ந்து பார்த்தது. "இப்பத் தின்னா நானும் ராஜாதான், அக்கா" என்று சொல்லி, பூக்குவியலை மூக்கால் பக்கத்து ஓடைக்குத் தள்ளியது.

நம் மூளையிலும் நரம்பணுக்கள் சிந்தும் தேங்கினால் கேடு தரும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை உணர்ந்து அள்ளும் துணைச் செல்கள் உண்டு. ஆபத்தை எதிர்க்க உடல் எழுப்பும் அழற்சியின் கூச்சல் ஓயாவிட்டால், அவை அதை உணரும் விதமும் மாறிப்போகும்.

ஆபத்து போன பிறகும் ஓயாத எச்சரிக்கை, உதவிக்கு நிற்பவரின் காதைத்தான் முதலில் கெடுக்கும்.