கணு விறகு

ஓய்வுபெற்ற தாசில்தார் பொன்னம்பலத்துக்கு அறுபத்திரண்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சுடர்க்கொடிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டுமே!

குருவோடு காட்டில் தங்க வந்தவர், பேச்சுவார்த்தை இல்லாத மகன் பரிதியையும் எப்படியோ இழுத்து வந்திருந்தார். மலையேறும்போது குருவின் காதோரம் கேட்டார்.

“இந்தப் பய வீம்பை எப்படிம்மா உடைக்கிறது?”

சுடர்க்கொடி முன்னால் ஏறிப் போனாள்.

சாயங்காலம் ஓடையைக் கடக்கும்போது பரிதி வழுக்கி விழுந்தான். அரிவாளும் துணிமூட்டையும் வெள்ளத்தோடு போயின. கரையேறியவனுக்குப் பல் கிட்டித்தது, உதடு நீலம் பாரித்தது. அப்பா நீட்டிய போர்வையை வாங்கினானா? ம்ஹூம். சுடர்க்கொடிதான் தன்னுடையதைப் போர்த்திவிட்டாள். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை.

“உடனே தீ வேணும் ஐயா” என்றாள்.

மழையில் காடே நனைந்து கிடந்தது. பட்ட மரத்தில் முன்கைத் தடிமனில் ஒரு கிளை ஒடித்தார்கள். உள்ளே உலர்ந்திருக்கும், ஆனால் பிளக்க ஒரே ஒரு கத்திதான் மிச்சம். பொன்னம்பலம் கட்டையை நிமிர்த்தி, கத்தியைக் குறுக்கே வைத்து, அதன் முதுகில் தடியால் அடித்தார். நாலு விரல் இறங்கியதும் கணுவில் மாட்டிக்கொண்டது.

“அரிவாளை ஓடையில விட்டுட்டு உட்கார்ந்திருக்கான் பாரு, துரை!”

ஓங்கி அடித்தார். கணு அசையவில்லை. இன்னும் ஓங்கினார். கத்தி வளைந்தது. பின்னால் மகனின் பற்கள் கடகடத்தன.

“செத்துருவான்மா!”

மறுபடி ஓங்கிய கையைச் சுடர்க்கொடி பிடித்துக்கொண்டாள்.

“கத்தி ஒடிஞ்சா?”

அவர் தடியைக் கீழே போட்டார். அவள் கத்தியைப் பக்கவாட்டில் தட்டித் தட்டிக் கழற்றினாள். கட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். நடுவை விட்டுவிட்டு, ஓரத்தில் கத்தியை வைத்து மெல்லத் தட்டினாள். கணுவுக்குப் பக்கத்தில் ஒரு சிராய் விட்டுக்கொடுத்தது. இன்னொன்று. உள்ளே காய்ந்த மரம் வெளுத்துத் தெரிந்தது.

மூன்றாவது தீக்குச்சியில் சிராய் பற்றியது. பரிதி கைகளை நீட்டினான். பொன்னம்பலம் வாய்விட்டு அழுதார். பையன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

கணுத்துண்டு மட்டும் அவர் காலடியில் கிடந்தது. அதைத் தூக்கி எறியப் போனார்.

“அதை எறியாதீங்க ஐயா, தீயோரமா வைங்க” என்றாள் சுடர்க்கொடி. “பத்திக்க நேரமாகும். பத்திக்கிச்சுன்னா கடைசி வரைக்கும் நின்னு எரியிறது அதுதான்.”